கடல் கடந்து கற்றோரும் கொட்டாஞ்சேனை வாசற்படியும்

(வெளிநாட்டுப் பயிற்சிக்குச் செல்லவிருக்கும் சுகாதாரத் துறை இளைஞர்களை வழியனுப்ப வெள்ளவத்தையில் நடைபெற்ற கூட்டத்தில், ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வழியனுப்பு விழாவில் பேச அழைக்கப்பட்டவர், வாயார வாழ்த்திவிட்டு அமர்ந்துகொள்வதே வழக்கம். நானும் வாழ்த்துகிறேன், அதில் குறை வைக்கவில்லை. ஆயினும் வாழ்த்தோடு நின்றுவிட என் மனம் ஒப்பவில்லை. இம்மண்டபத்திலிருந்து காலி வீதிக்கு இறங்கி இருமருங்கும் பாருங்கள். புடவைக் கடைக்கும் நகைக் கடைக்கும் இடையே, மாடிப்படிகள்தோறும், ஆங்கிலத் தேர்வுக்கு வகுப்பு, விசாவுக்கு ஆலோசனை, தாதியருக்குக் கடல் கடந்த வேலை என்று பலகைகள் தொங்குகின்றன. வடக்கிலும் கிழக்கிலும் இருந்து தமிழர் வந்து சேரும் துறையாக இருந்த வெள்ளவத்தை, இன்று அவர்கள் புறப்பட்டுப் போகும் துறையாகவும் ஆகிவிட்டது. அப்பலகைகளின் நிழலில் நின்றுகொண்டு "போய்க் கற்று வாருங்கள்" என்று நான் கூறினால், "போய்" என்பது கேட்கும். "வாருங்கள்" என்பது உங்கள் செவியில் ஏறுமா என்பதே என் ஐயம்.

நம் நாட்டில் விசேட வைத்தியராக விரும்புபவர், பயிற்சியின் இறுதிக் கட்டத்தில் வெளிநாடு சென்று பயிலவேண்டும் என்பது விதி. திரும்பி வருவேன் என்று பிணைமுறியில் கையொப்பமிட்டுத்தான் போகிறார். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அவ்வாறு போனவர்களில் பலர் மீளவில்லை. பிணைப்பணத்தைக் கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று எண்ணுவோரும் உளர். அவர்களை ஏசுவது எளிது. ஏன் மீளவில்லை, எவ்விதம் அனுப்பினால் மீள்வர் என்று ஆராய்வதே அரிது. அதற்கு நம்மைப் போன்ற ஒரு நாட்டின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

பிலிப்பைன் தீவுகளைப் பற்றிக் கூறுகிறேன். நெல்லும் தென்னையும் விளையும் மண். புயலுக்கும் வெள்ளத்துக்கும் பழகிய மக்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஸ்பானியரிடம் இருந்து, 1898இல் அமெரிக்கர் கைக்கு மாறி, 1946இல் விடுதலை பெற்ற நாடு. அமெரிக்கர் அங்கே தாதியர் பள்ளிகளை நிறுவியபோது, ஆங்கிலத்தில், தம் நாட்டுப் பாடத்திட்டத்தை ஒட்டியே நிறுவினர். 1948இல் அமெரிக்கா ஒரு பரிமாற்றத் திட்டத்தைச் சட்டமாக்கியது. பிறநாட்டு இளைஞர்கள் வந்து, இரண்டாண்டு போலத் தங்கி, கற்றதைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்று பயன்படுத்தவேண்டும். நல்ல நோக்கந்தான், யார் மறுப்பார்? 1956 முதல் 1969 வரை 11,000க்கு மேற்பட்ட பிலிப்பைன் தாதியர் இத்திட்டத்தின் வழியே அமெரிக்கா சென்றனர்.

நடந்தது என்ன? அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் அந்நாளில் தாதியருக்குப் பெரும் பஞ்சம். கற்க வந்த பெண்களை இரவுக் கடமையிலும், உள்ளூர்த் தாதியர் விரும்பாத வேலைகளிலும் நிறுத்திய ஆஸ்பத்திரிகள் பல. செய்வது முழுத் தாதியின் வேலை. பெறுவது பயிலுநரின் படி. ஆயினும் அந்தப் படியே மணிலாச் சம்பளத்தைவிடப் பன்மடங்கு. இரண்டாண்டு முடிந்து ஊர் திரும்பினால், கற்ற கருவிகள் மாகாண ஆஸ்பத்திரியில் இல்லை. சம்பளம் பழைய சம்பளம். "அமெரிக்கா போய் வந்தவள்" என்ற மதிப்பு மட்டும் ஊரில் நிறைய இருந்தது. அந்த மதிப்பு வீட்டு வாடகை கட்டுமா? 1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியதும், ஒருமுறை போய் வந்தவர்களே மறுமுறை போவதற்கு முதலில் வரிசையில் நின்றனர். திரும்பி வருவதற்கென்று போட்ட பாதை, திரும்பாமற் போவதற்கு வழிகாட்டிற்று.

அந்தப் பாதை இன்று எங்கே கொண்டுசென்று விட்டிருக்கிறது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். அமெரிக்காவின் பதிவுபெற்ற தாதியரில் பிலிப்பைன் வழியினர் நூற்றுக்கு நால்வர் அளவினரே. ஆனால், கொவிட் தொற்றினால் அந்நாட்டில் இறந்த தாதியரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அவர்கள் என்று அங்குள்ள தாதியர் சங்கம் ஒன்று 2020 செப்டெம்பரில் கணக்கு வெளியிட்டது. அந்தப் பெண்களை நான் குறைகூற வரவில்லை. அவர்கள் அனுப்பிய பணத்தில் எத்தனை தம்பிமார் படித்தார்கள், எத்தனை கூரைகள் ஓடாயின என்பதை, மாதந்தோறும் வெளிநாட்டுக் காசை எதிர்பார்த்திருக்கும் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஆனால், ஒரு நாட்டின் பொதுச் சுகாதாரத்தை அந்தக் காசு நடத்தாது. மருத்துவிச்சி இல்லாத கிராமத்துக்குக் காசோலை பிரசவம் பார்க்காது.

இனி, அதே நாடு கண்ட மறுவழியைக் கேளுங்கள். 1976இல் பிலிப்பைன் பல்கலைக்கழகம், லெய்தே தீவில் ஒரு சுகாதாரப் பள்ளியைத் தொடங்கியது. பாலோ என்னும் ஊரில் அது இயங்கி வருகிறது. அதன் முறை படிமுறை ஏணி போன்றது. வைத்தியரும் ஆஸ்பத்திரியும் இல்லாத ஒரு கிராமம், தன் பிள்ளைகளுள் ஒருவரைத் தெரிந்து அனுப்புகிறது. அப்பிள்ளை முதலில் மருத்துவிச்சிக்குரிய பயிற்சி பெற்று, அனுப்பிய கிராமத்துக்கே மீண்டு பணி செய்யவேண்டும். அவருடைய பணியைக் கண்ட ஊரார், "இவர் மேலே படிக்கட்டும்" என்று மறுபடியும் இசைந்தால், தாதியாகலாம். மீண்டும் ஊர், மீண்டும் ஊராரின் இசைவு. அதன் பின்னரே வைத்தியப் படிப்பு. பரீட்சைப் புள்ளி ஒரு புறம் இருக்க, ஊராரின் நம்பிக்கையும் ஒரு நுழைவுச்சீட்டு. இப்படி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நாட்டை விட்டுப் போகவில்லை. 2013 நவம்பரில் பெரும்புயல் அத்தீவைச் சூறையாடி ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டபோது அப்பள்ளியும் சிதைந்தது. சிதைந்த பள்ளி மறுபடி எழுந்தது.

ஒரே நாடு, ஒரே இளைஞர் கூட்டம், ஒருசாரார் போயினர், மறுசாரார் நின்றனர். வேறுபாடு நாட்டுப்பற்றின் அளவில் இல்லை. முன்னவரை அனுப்பியது திட்டம். பின்னவரை அனுப்பியது ஊர். திட்டத்துக்குக் கணக்குக் காட்டலாம். ஊரின் முகத்தில் விழிக்கவேண்டும்.

"இது பிலிப்பைன் கதை, நமக்கேன்?" என்று கேட்பீர்கள். நம் கதை இதைவிடப் பழையது. 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர், மானிப்பாயில் ஆஸ்பத்திரி அமைத்து மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர்களோ, சம்பளமுள்ள அரசாங்க உத்தியோகத்தை நாடித் தொலைவிடங்களுக்குப் போயினர். தமிழிற் படித்தவர் தம் ஊரிலேயே தொழில் செய்வர், ஊராரும் அவரிடம் வருவர் என்று கண்ட கிறீன், பின்னாளில் தமிழிலேயே கற்பிக்கலானார். பாடநூல் இல்லை, ஆகவே மாணவரைக் கொண்டும் தாமாகவும் மொழிபெயர்த்தார். இரணவைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்று நூல்கள் வெளிவந்தன. இரசாயனத்தைக் "கெமிஸ்தம்" என்று அழைத்ததைப் பார்த்து நம் பண்டிதர்கள் சிரிக்கலாம். அந்தக் கெமிஸ்தத்தைப் படித்தவர்கள் வாந்திபேதிக் காலத்தில் ஊரில் இருந்தார்கள் என்பதையும் அவர்கள் நினைவிற் கொள்ளட்டும். 1873இல் அவர் நாடு திரும்பு முன் அறுபதுக்கு மேற்பட்டோரைப் பயிற்றிவிட்டார்.

கொழும்பிலும் அப்படி ஒருவர் வாழ்ந்தார். கனடாவிற் பிறந்து, மருத்துவம் கற்று, 1896இல் இலங்கைக்கு வந்த மேரி அம்மையார், இரத்தினம் என்னும் தமிழரை மணந்தார். அம்மணத்தை மிஷன் வட்டாரம் விரும்பவில்லை. வந்தவர் திரும்பிப் போக அதுவே போதிய காரணம். அவர் போகவில்லை. கொழும்பில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்த்தார். கனடாவின் கிராமப் பெண்கள் சங்கங்களில் தாம் கண்டதை இந்நாட்டுக்கு ஏற்றவாறு மாற்றி, 1930களின் தொடக்கத்தில் மகிளா சமிதியை நிறுவினார். 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவான முதற் பெண்மணி அவரே. 1958இல், மகசேசே விருது முதன்முதல் வழங்கப்பட்ட ஆண்டில், மணிலா அவரைத் தேடி அழைத்துப் பொதுப்பணிக்கான விருதை அளித்தது. வினோபா பாவேயும் அவ்வாண்டே கௌரவிக்கப்பட்டார். மணிலா மதித்த இரத்தினம் அம்மையாரைப் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் இன்று எத்தனை பேர் அறிவர்? கேட்டால் வெட்கப்படவேண்டி வரும், கேளாமல் விடுகிறேன்.

மணிலாவிலிருந்து கொழும்புக்கு வேறொருவரும் வந்தார். அவர் வந்ததன் பயனை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். பிலிப்பைனில் அமெரிக்க ஆட்சியின் சுகாதாரத் தலைவராயிருந்த விக்ரர் ஹைசர், றொக்பெல்லர் நிறுவனத்தின் சார்பில் 1915இல் இலங்கையைப் பார்வையிட்டார். அடுத்த ஆண்டு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில், நம் தொழிலாளரிடையே, கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. மருந்து கொடுத்தார்கள்; புழு விழுந்தது. மலசலகூடம் இல்லாத லயத்துக்கு, வெறுங்காலோடு, அதே மனிதன் திரும்பினான், புழுவும் திரும்பிற்று. மாத்திரை மட்டும் போதாது, வீடும் கிணறும் கழிவிடமும் நாள்தோறும் ஒருவர் கண்ணிற் படவேண்டும் என்று அப்போது உணர்ந்தார்கள். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது அந்த உணர்வினால்தான். ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே சுகாதாரப் பரிசோதகர்கள், வீடுவீடாகச் செல்லும் மருத்துவிச்சிகள் என்ற அந்த அமைப்பே இன்றும் நாடெங்கும் உள்ளது. 1930களில் ஆயிரம் பிள்ளைப்பேற்றில் இருபது தாய்மாருக்கு மேல் மாண்ட நாட்டில், இன்று இலட்சத்துக்கு முப்பது, நாற்பது என்ற அளவுக்கு அம்மரணம் குறைந்திருக்கிறதென்றால், அதில் பாதிப் புகழாவது சைக்கிளிற் போன மருத்துவிச்சிக்கு உரியது. மலேரியா 2016இல் ஒழிந்ததாகச் சான்று பெற்றோம். அது வீட்டுச் சுவரில் மருந்தடித்தவர், காய்ச்சற்காரரின் விரலிற் குத்தி இரத்தம் எடுத்தவர் ஆகியோரின் வெற்றி.

ஆக, நம் பொதுச் சுகாதாரம் நிற்பது வாசற்படியில். அந்த வாசற்படியில் வந்து நிற்பவர் என்ன மொழி பேசுகிறார், அவரை வீட்டார் நம்புகிறார்களா என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது.

கொட்டாஞ்சேனைக்குப் போவோம். ஜிந்துப்பிட்டியிலும் புளூமெண்டால் வீதியின் ஒழுங்கைகளிலும், பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஒரு தண்ணீர்க் குழாயைப் பங்கிடும் தோட்டங்கள் உள்ளன. தமிழ் பேசும் மக்களே அங்கு நிறைய. ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒரு மருத்துவிச்சி என்பது நம் நாட்டுக் கணக்கு. ஆனால் தமிழ் தெரிந்த மருத்துவிச்சி எத்தனை பேர், பரிசோதகர் எத்தனை பேர் என்று அங்கு வாழும் தாய்மாரைக் கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் வடகொழும்பில் ஒரு சிகிச்சை நிலையத்தில் நானே கண்டது இது. இடத்தின் பெயர் வேண்டா. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி. கேள்வி கேட்கும் தாதி சிங்களப் பெண். மிக நல்லவர், பொறுமைசாலி. இருவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளன் அப்பெண்ணின் மூத்த மகன். வயது ஒன்பது இருக்கலாம். "இரத்தம் பட்டதா?" என்று கேட்கச் சொன்னார் தாதி. பிள்ளைக்குச் சொல் தெரியும். எப்படி அம்மாவிடம் கேட்பது என்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தாயைக் கேளாமலே "இல்லை" என்றான். அட்டையில் "இல்லை" என்று பதிவாயிற்று.

அந்தப் பதிவிலே தவறு யாருடையது? தாதியுடையதா, பாலகனுடையதா? தமிழ் படித்த நம் பெண்களை அந்த நாற்காலிக்கு நாம் அனுப்பவில்லை. மருத்துவிச்சி வேலை கௌரவக் குறைவு என்று எண்ணுகிறோம். வைத்தியர், பொறியியலாளர், அதுவும் இல்லையேல் கனடா!

டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தக்கசிவு டெங்கு உலகில் முதன்முதல் கொள்ளைநோயாக இனங்காணப்பட்டது 1950களில், மணிலாவில். 2017இல் நம் நாட்டில் 1,86,000 பேருக்கு அந்நோய் என்று பதிவாயிற்று. இறந்தோர் நானூறுக்கு மேல். அவ்வாண்டு ஏப்பிரிலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து மக்களைப் புதைத்தது, கொழும்பின் குப்பை போக இடமின்றித் தெருவில் தேங்கிற்று, மழை வந்தது, நுளம்புக்கு வேறென்ன வேண்டும்? நுளம்பு ஒழிப்பு என்பது ஒருவர் வீட்டின் பின்புறத்துக்கு நுழைந்து, பூச்சட்டியையும் குளிர்பெட்டித் தட்டையும் கவிழ்த்துப் பார்ப்பது. முன்பின் அறியாதவர், புரியாத மொழியில், தண்டப்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தால், கதவு எவ்வளவு திறக்கும்?

நம்பிக்கை முறிந்தால் நேர்வதைப் பிலிப்பைன் மறுபடியும் காட்டிற்று. 2016இல் அங்கே எட்டு இலட்சத்தை ஒட்டிய பிள்ளைகளுக்கு ஒரு புதிய டெங்குத் தடுப்பூசி ஏற்றினார்கள். முன்னர் டெங்கு காணாத பிள்ளைகளுக்கு அது நோயைக் கடுமையாக்கக்கூடும் என்று, ஊசியைச் செய்த கம்பெனியே 2017 நவம்பரில் அறிவித்தது. மக்கள் கொதித்தனர். அந்த ஊசிமேல் கொண்ட அச்சம் எல்லா ஊசிகள்மேலும் பாய்ந்தது. 2019இல் சின்னமுத்துப் பரவிற்று. ஒழிந்துபோன இளம்பிள்ளைவாதமும் அவ்வாண்டே தலைகாட்டிற்று. இதைக் கேட்டு நாம் தலையசைத்துக்கொள்ள வேண்டாம். 2020இல் கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் வாரக்கணக்கில் அடைக்கப்பட்டபோது, கொவிட்டால் இறந்தவர் எச்சமயத்தவராயினும் எரிக்கவேண்டும் என்று ஆணையிருந்தது. பரிசோதனைக்கு வரவே மக்கள் அஞ்சினர். 2021 பெப்ரவரியில் ஆணை மாற்றப்பட்டது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்த ஒழுங்கைகளில் மன்னிப்புக் கடிதத்தை யார் வாசித்துக் காட்டினார்?

வடக்கிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து இங்கே அமர்ந்திருக்கும் கமக்காரப் பெரியோர்கள், "இது கொழும்பார் பேச்சு" என்று எண்ணவேண்டாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவிச் சிலரைக் கொண்டுபோனதை நீங்கள் அறிவீர்கள். வயலில் இறங்கு முன் உட்கொள்ளும் தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசமாகத் தருகிறார்கள். சேற்றில் நிற்கும் மனிதனிடம் அம்மாத்திரையைக் கொண்டுசென்று, "அண்ணை, இது காய்ச்சல் வந்தபின் போடுகிறதில்லை, வர முன்னமே போடுகிறது" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஜெனீவாவின் அறிக்கையும் தெரிந்திருந்தால் மிக நன்று. ஆனால் ஜெனீவா மட்டும் தெரிந்தவரால் பயனில்லை.

தம்பி தங்கைகளே, போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள். மணிலாவுக்குப் போகிறவர், பெரிய ஆஸ்பத்திரியைப் பார்த்தபின் ஒரு வாரம் பாலோவுக்கும் போய், ஊரார் பிள்ளையைத் தெரிவுசெய்யும் கூட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள். அமெரிக்காவுக்குப் போகிறவர், அங்கே முன்னர் பரிமாற்றத்தில் வந்து முதுமையடைந்த பிலிப்பைன் தாதி ஒருவரைத் தேடிப் பேசுங்கள். எந்த விரிவுரையும் கற்பிக்காததை அவர் கற்பிப்பார். பரிமாற்றம் என்றால் கொடுத்து வாங்குவது. வீட்டுவாசல் மருத்துவிச்சி என்னும் இந்நாட்டுச் செல்வத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள், கேட்க ஆவலாயிருப்பார்கள்.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். இப்பிள்ளைகளுக்குப் பயணச்செலவுக்குப் பணம் சேர்த்தோம். இதே பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, கொட்டாஞ்சேனையிலிருந்து இரு பெண்களை மருத்துவிச்சிப் பயிற்சிக்கு நாமே தெரிந்து அனுப்புவோம். பயிற்சி ஒன்றரை ஆண்டு. அரசாங்கம் விண்ணப்பம் கோரும்போது படிவம் நிரப்பவும், உயர்தரப் பரீட்சைக்கு மீண்டும் தோற்றவும், அக்காலத்தில் வீட்டுக்கு அரிசி வாங்கவும் உதவி வேண்டும். தெரிவுசெய்ய வேண்டியவர்கள் நாமல்லர். அந்தத் தோட்டங்களின் தாய்மார். அவர்களை அழைத்து இருத்திக் கேட்கவேண்டும். வெளிநாடு சென்று மீளும் வைத்தியர், வந்த முதலாண்டில், மாதம் இரு சனிக்கிழமை அப்பெண்களுக்குத் தமிழிற் பாடம் எடுக்க ஒப்புக்கொள்ள வேண்டும். பிணைமுறி எதுவும் நான் கேட்கவில்லை. பெயர் மட்டும் கேட்கிறேன்.

வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில், ஒரு குறிப்பேடு திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. முதற்பக்கம் போகிறவர்களுக்கு, இரண்டாம் பக்கம் பணம் தருகிறவர்களுக்கு, மூன்றாம் பக்கம் கொட்டாஞ்சேனைத் தாய்மாரின் கூட்டத்துக்கு இடம் தரக்கூடியவர்களுக்கு. பேனாவும் அங்கேயே இருக்கிறது.